நிலத்தை விற்க வேண்டாம், அவளுக்கு ஏற்ற வேலை வேறு இருக்கிறது

ஐயா, இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு இடம் கிடைக்காததில் வீடே இடிந்துபோயிருப்பது புரிகிறது. ஆனால் நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அங்கே பல இடங்களில் கட்டணமே வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. பெரியப்பாவும் மாமாவும் டாக்டர் பட்டத்தைக் கேட்கிறார்கள், கடனைக் கட்டப்போவது அவர்கள் இல்லை. மறுபடி எழுத மாட்டேன் என்று மகளும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

பாட்டி ஐசியூவில் இருந்தபோது சண்டைபோட்ட சொந்தக்காரர்களை உட்காரவைத்து, குறுக்கிடாமல் கேட்டு அமைதிப்படுத்தியது அவள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு வேலை இருக்கிறது. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, உறுப்புமாற்று செய்யும் மருத்துவமனைகளில் இவர் இருந்தே ஆக வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு பேசுகிறவர் இவர்தான். மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. இறந்துவிட்டான் என்றால் எந்தத் தாய் நம்புவாள்? மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனை இரண்டு முறை, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் நடக்கும். அதற்குள் அவசரப்பட்டு உறுப்பு தானம் என்ற பேச்சை எடுத்தால் எல்லாம் கெட்டது. “டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது?” என்று கேட்டுவிட்டு, நல்ல ஒருங்கிணைப்பாளர் பேசாமல் இருப்பார். திட்டினாலும் எதிர்வாதம் செய்ய மாட்டார். மூச்சை நடத்துவது வெண்டிலேட்டர்தான் என்பதை எத்தனை முறை கேட்டாலும் அதே நிதானத்தோடு விளக்குவார். சாவு மனதில் இறங்கிய பிறகுதான் தானத்தைப் பற்றிக் கேட்பார். வேண்டாம் என்றால் சரி, வற்புறுத்தவே கூடாது. சம்மதித்தால் போலீஸ் காகிதம், பிரேதப் பரிசோதனை, உடல் எப்போது கைக்கு வரும் என்பதுவரை கூடவே நிற்பார்.

இதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், சமூகப்பணியில் முதுகலை இருந்தால் முன்னுரிமை. சென்னை எழும்பூரில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற அந்த முதுகலையைப் படிக்கலாம். மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுக்கட்டும். உறுப்பு தானத்துக்காக இயங்கும் மோகன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் ஒருங்கிணைப்பாளர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது. டாக்டர் சம்பளம் கிடைக்காது, நடுராத்திரியிலும் அழைப்பு வரும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் முடிவு அவளுடையது. இந்த வேலை ஒத்துவராவிட்டாலும் அதே படிப்பு புற்றுநோய்ப் பிரிவு, வலிதணிப்புச் சிகிச்சை, மனநல உதவி எண் என்று பல இடங்களுக்குக் கொண்டுபோகும்.

நிலப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். முதலில் ஒரு பட்டம் வேண்டும் என்பதால், சேர்க்கை முடிவதற்குள் பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி இளங்கலைக்கோ உளவியலுக்கோ விண்ணப்பம் போடட்டும். மாமா கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவளை முன்னால் நிறுத்தாதீர்கள்.