மூணாவது படிக்கிற பையன் வாசிப்புல அப்படியே நிக்கிறான், டீச்சர்கிட்ட என்ன கேக்கலாம்?

பாம்பன் பக்கம் அரசுப் பள்ளின்னு சொல்றீங்க. "ஏன் படிக்க மாட்டேங்கிறான்"னு கேட்டா "வீட்ல உக்கார வச்சுப் படிக்க வைங்க"ன்னு பதில் வரும், பேச்சு அதோட முடிஞ்சிரும். எண்ணும் எழுத்தும்னு சின்ன வகுப்புப் புள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித் தர்ற அரசுத் திட்டத்துல, புள்ளைங்கள அவங்க நிலைக்கு ஏத்த மாதிரி அரும்பு, மொட்டு, மலர்னு (அரும்பு ஆரம்ப நிலை, மலர் மேல் நிலை) பிரிச்சிருப்பாங்கல்ல, இவன் எதுல இருக்கான், போன டெர்ம்ல எதுல இருந்தான்னு கேளுங்க.

அப்புறம் டீச்சர் முன்னாடியே நாலு வரி வாசிக்கச் சொல்லி எங்க திக்குறான்னு பாருங்க, நிறைய புள்ளைங்க கா, கி, கீ வரைக்கும் சரியா வந்துட்டு கெ, கே, கொ, கோ வந்ததும் முழிக்கும், ஏன்னா கொம்பு முன்னாடி நிக்குது, அதோட சத்தம் பின்னாடிதான் வருது. அதுதான்னா வீட்ல அத மட்டும் பாத்தா போதும்.

போர்டு தெரியுதான்னும் கேட்ருங்க (கண்ணு சரியில்லாத புள்ளைய சோம்பேறின்னு திட்டுறது இங்க சகஜம்). மீன்பிடித் தடைக்காலத்துல கடலுக்குப் போகாம இருக்கும்போது அவங்கப்பா வந்து பேசட்டும்னு தள்ளிப் போடாதீங்க, அது ஏப்ரல் 15லதான் ஆரம்பிக்கும், அந்த நேரத்துல ஸ்கூல் லீவும் நெருங்கிரும்.