தறியில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் வசிக்கிறேன். அம்மா இறந்தபின் மனச்சோர்வில் விழுந்து, அப்பா உடன் தங்கியிருக்க, வேலூர் பாகாயத்தில் உள்ள மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். இப்போது மரச்சட்டத்தில் பாவு என்னும் நெடுக்கு நூல்களைக் கட்டி, சுவரில் மாட்டும் நெசவுப் படங்கள் செய்கிறேன். அன்றைய மனநிலைதான் அதன் நிறம். நெசவு ஒரு தியானம் என்று உணர்கிறேன். மாத்திரை இனியும் தேவையா என்றுகூடத் தோன்றுகிறது. இவற்றைக் கண்காட்சியில் வைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். நீங்களாக நிறுத்தினால் எனக்குக் கடும் கோபம் வரும்.

நீங்கள் அனுப்பிய கருநீலப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இழை தளர்ந்து தொங்குகிறது. அதை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், அம்மா.

ஆனால் 'நெசவு ஒரு தியானம்' என்ற வரியை என்னால் தாண்ட முடியவில்லை. குடியாத்தத்தில் என் சித்தி குழித்தறியில் கைலி நெய்தார். விடியுமுன் குழிக்குள் கால் வைத்தால் இருட்டும்வரை மிதியும், ஊடுநூல் ஓட்டும் நாடாவும்தான். மழை பிடித்துக்கொண்டால் கஞ்சி போட்ட பாவு காயாது. அந்த நாட்களுக்குக் கூலியும் கிடையாது. இழை விட்ட துணிக்குக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். இரவெல்லாம் கண் மூடாமல் கிடப்பார். அதை நோய் என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. தறி மனதை ஆற்றும் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழாது.

உங்களை அது ஆற்றியது உண்மை. முதல் உலகப்போரில் மனம் சிதைந்த அமெரிக்க வீரர்களுக்கும் தறி கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் உங்கள் மரச்சட்டத்துக்கு முழக்கணக்கு இல்லை. பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி நெய்வீர்கள். சித்தி ஒரு விரற்கடை பிரித்தாலும் அன்றைய அரிசி போயிற்று. பிரிப்பதற்கு உங்களுக்கு இருக்கும் அந்த உரிமைதான் உங்களைத் தேற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனநல நிலையங்களில் யாரையும் கட்டாய வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்த வேறுபாடு, கைத்தறி என்றதும் உருகிப்போகிற நமக்கு ஏன் புரிவதில்லை?

கண்காட்சிதானே, வையுங்கள். விலையும் போடுங்கள். நன்றாகத் தேறும்வரை நாள் குறித்து ஆர்டர் மட்டும் வாங்காதீர்கள். நூலுக்குக் குடியாத்தம் போங்கள். பட்டு வேண்டுமென்றால் ஆரணி. தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கைலிக்கு இன்று என்ன கூலி என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.