தாத்தாவின் வழக்குக் கட்டுகள்

அன்புள்ள ஐயா,

என் தாய்வழித் தாத்தா சென்ற மாதம் 91 வயதில் காலமானார். 1959 முதல் 2006 வரை மாயவரத்தில் உரிமையியல் வழக்குகளை நடத்திய வக்கீல் அவர். முதலாண்டு நினைவு நாளன்று உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதித் தரும்படி அம்மா கேட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் எல்லோரும் உயிரை வைத்திருந்த மனிதர் அவர். ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘நல்லவர், அன்பானவர்’ என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை, ஏனெனில் தம் வழக்குகளைப் பற்றி அவர் வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. துக்கம் கேட்க வந்த முதிய விவசாயி ஒருவர், ‘ஐயா இல்லேன்னா எங்க நெலம் இல்லீங்க’ என்றார். என்ன வழக்கு என்று கேட்டேன். ‘ஐயா சொல்லலீங்களா?’ என்றவர் பிறகு வாய் திறக்கவில்லை.

மாடியறையில் இரண்டு அலமாரி நிறைய வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. வீட்டை விற்கப்போவதால் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் மாமா. அவற்றைப் படித்து நான் நூலுக்குப் பயன்படுத்தலாமா? அவர் பெருநிலக்காரர்களுக்காகவும் வழக்காடியிருப்பதாகத் தெரிகிறது. அதை எழுதுவது தகுமா?

— ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அவர் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று வருந்துகிறீர்கள். உங்கள் நூல் அந்த மௌனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதையும், அவருடைய ஆவணங்களில் கண்டதையும், தாம் அவருக்குச் சொன்ன ஆலோசனையையும் அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 126ஆம் பிரிவில் விதித்திருந்தது. வழக்கு முடிந்த பின்பும் அந்தக் கடமை நீடிக்கும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதற்கு மாற்றாக வந்துள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது தொடர்கிறது. உங்கள் தாத்தா இந்தக் கடமையைத் தம் தொழிற்காலம் முழுவதும் காத்ததோடு, ஓய்வு பெற்ற பின்பும், சாய்வு நாற்காலியில் பேரப்பிள்ளைகள் சூழ அமர்ந்திருந்த ஆண்டுகளிலும் விடாமல் காத்திருக்கிறார்.

மாயவரம் போன்ற ஊரில் அது எவ்வளவு கடினமானது என்பதைப் பெருநகரத்தில் வாழும் நாம் எளிதில் உணர்வதில்லை. அங்கே வாதியும் பிரதிவாதியும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள், பல சமயங்களில் உடன்பிறந்தவர்கள். பாகப்பிரிவினையில் யார் யாரை ஏமாற்றினார், எந்த உயில் சந்தேகத்துக்குரியது, எந்த வீட்டுப் பெண்ணுக்கு ஜீவனாம்சம் மறுக்கப்பட்டது என்பதையெல்லாம் அறிந்த ஒருவர், அதே மனிதர்களைத் காவிரியின் துலாக் கட்டப் படித்துறையிலும் கல்யாணப் பந்தியிலும் சந்தித்தாக வேண்டும். பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பற்றித் தமக்குத் தெரிந்தது முகத்தில்கூடத் தெரியாமல் அவர் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும்.

அந்த விவசாயி சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் என்ன வழக்கு இருந்தது என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அது எந்தக் காலத்து வழக்காக இருக்கக்கூடும் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. உங்கள் தாத்தா கறுப்புக் கோட்டு அணிந்த காலத்தில் மாயவரம் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. அங்கே குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது. சாகுபடி செய்யும் குத்தகைதாரரைச் சட்டம் சொல்லும் காரணங்களின்றி வெளியேற்ற 1955ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. நன்செய்யில் நிலச் சொந்தக்காரரின் பங்கை நூற்றுக்கு 40 ஆக 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் (குத்தகைப் பங்கு) சட்டம் குறைத்தது. ஆனால் இவற்றின் பலன் கிடைக்க வேண்டுமானால், தாம் குத்தகைதாரர் என்பதை உழுதவர் முதலில் மெய்ப்பிக்க வேண்டும். பல குத்தகைகள் வாய்மொழியாகவே நடந்தன. நெல் அளந்ததற்கு ரசீது கொடுக்கும் வழக்கம் அரிது. அவர் கூலிக்கு உழுத ஆள்தான் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டால், தாமும் தம் குடும்பத்தாரும் உடலுழைப்பால் அந்த நிலத்தைச் சாகுபடி செய்தோம் என்பதை யார் எந்த நிலத்தில் என்ன பயிரிட்டார் என்பதைக் காட்டும் கிராமக் கணக்கான அடங்கலின் நகலாலும் பக்கத்து வயல்காரரின் சாட்சியத்தாலும் காட்ட வேண்டியிருந்தது. குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான சட்டம் 1969இல்தான் வந்தது. பெயர் ஏறிய பிறகும் அதை நீக்கக் கோரும் மனுக்கள் வந்துகொண்டிருந்தன. வருவாய்க் கோட்டாட்சியர் முன்னிலையில் வாய்தா வாய்தாவாக நடந்த இந்த விசாரணைகளில், எழுத்தறியாத ஒருவர் சொன்னதைச் சட்டம் கேட்கும் வடிவத்தில் எழுதிக்கொடுப்பதே வக்கீலின் பெரும்பணி. சட்டசபை இயற்றியது ஒரு வயலின் வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது இத்தகைய பெயர் அறியப்படாத வக்கீல்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் வரலாற்று நூல்கள் அவர்களைப் போதிய அளவு பேசவில்லை.

பெருநிலக்காரர்களுக்காக வழக்காடியதையும் தயங்காமல் எழுதுங்கள். தம் தகுதிக்கேற்ற கட்டணத்துக்கு வரும் வழக்கை, தனிக் காரணங்கள் இருந்தாலன்றி, வக்கீல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. எதிர்த்தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்ட பின் கிடைத்த தீர்ப்புதான் மேல்முறையீட்டிலும் நிலைக்கும். அந்தக் கட்சிக்காரர்களை மறைத்து அவரை ஏழைப் பங்காளராக மட்டும் காட்டினால், அவரை அறிந்த ஊர்க்காரர்கள் அந்த நூலில் வேறு யாரையோதான் காண்பார்கள். அவர் எப்படி வாதாடினார், எதிர்த்தரப்புச் சாட்சியை எந்த முறையில் குறுக்கு விசாரணை செய்தார் என்று அவருடைய ஜூனியர்களிடம் கேளுங்கள். என் கணிப்பில், ஒரு வக்கீலின் குணம் தெரியும் இடம் அதுதான்.

கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். அவற்றில் மூலப்பத்திரங்களும் உயில்களும் இருக்கலாம்; அவை உங்கள் குடும்பத்தின் சொத்து அல்ல. கட்டணப் பாக்கி இருந்தாலும்கூட கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வக்கீலுக்கே இல்லாத உரிமை வாரிசுகளுக்கு எங்கிருந்து வரும்? மூலப்பத்திரம் தொலைந்துபோன ஒரு குடும்பம் அந்த நிலத்தின் பேரில் வங்கிக் கடன் கேட்டுப் படும் பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு, டிக்ரி நகல்களை நீங்கள் படிக்கலாம், அவை பொது ஆவணங்கள். கட்சிக்காரர்கள் எழுதிய கடிதங்களையும் தாத்தா தம் கைப்படக் குறித்துவைத்த தாள்களையும் நூலுக்காகப் பிரிக்க வேண்டாம். அவருடைய குமாஸ்தா இருந்தால் அவரையும், இன்றும் தொழிலில் உள்ள ஜூனியர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டு யாருடையது என்று பட்டியலிடுங்கள். முகவரி தெரிந்தவர்களுக்குக் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்; தெரியாதவற்றை அந்த ஜூனியரின் பொறுப்பில் ஒப்படையுங்கள்.

அந்த விவசாயியின் வழக்கைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. தாத்தா உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்பதை அவர் துக்க வீட்டிலேயே தெரிந்துகொண்டார். அவருடைய ஊருக்குச் சென்று, நூல் எழுதுவதாகச் சொல்லி, அவர் விரும்பினால் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த வழக்கு உங்கள் நூலில் இடம்பெற வேண்டியதில்லை.

அன்புடன்.