மிமி பெரேன்: பாதியில் நின்ற பாட்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் குறிப்பிட்டிருந்த, ஜாஸ் இசையைப் பிரெஞ்சில் பாடிய 'டபுள் சிக்ஸ்' குழுவின் பாடல்களைக் கேட்டேன். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பிரமித்துப்போனேன். ஆனால் குழுவை நடத்திய மிமி பெரேனின் வாழ்க்கையைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. பியானோ வாசித்தார், இசைக்கோப்பு செய்தார், பாடினார். சில ஆண்டுகளிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பின் நாவல்களை மொழிபெயர்த்துக் காலத்தை ஓட்டியிருக்கிறார். இவ்வளவு திறமையும் வீணானது என்றுதான் கொள்ள வேண்டுமா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

"காலத்தை ஓட்டியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மிமி என்ன செய்தார் என்பதை முதலில் பார்ப்போம். 1959இல் பாரிஸில் அவர் குழுவைத் தொடங்கியபோது கையில் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் க்வின்சி ஜோன்ஸின் பெரிய வாத்தியக் குழுவுக்கான இசை. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என எல்லாவற்றையும் குரலிலேயே கொண்டுவர வேண்டும். பாட இருந்தவர்களோ ஆறு பேர். ஒரு முறை பாடிப் பதிவு செய்தார்கள். அதன்மேல் மற்றப் பகுதிகளை அதே ஆறு பேர் மறுபடி பாடினார்கள். அதனால்தான் குழுவுக்கு 'இரட்டை ஆறு' என்று பெயர்.

இது பதிவுக்கூட வித்தை. பிறரும் செய்திருக்க முடியும். மிமியின் தனித்திறன் வரிகளில் இருக்கிறது. மெட்டுக்குப் பாட்டெழுதுவது எங்கும் நடப்பதுதான். ஆனால் ஜாஸ் கலைஞர் ஒருவர் மனோதர்மமாக வாசித்துவிட்டுப் போன தனி வாசிப்புக்குச் சொல் எழுதுவது வேறு சங்கதி. அதில் பல்லவி இல்லை, திரும்பி வரும் அடி இல்லை. சுரங்கள் விர்ரென்று ஓடும். நடுவில் ஒன்று பாதி விழுங்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியமும் மூச்சு வாங்க வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசை வைத்து, டிரம்பெட் வெடிக்கும் இடத்தில் வெடிக்கும் எழுத்தையும் சாக்ஸபோன் வழுக்கும் இடத்தில் வழுக்கும் எழுத்தையும் தேடி, அத்தனையும் சேர்ந்து பொருள் தரும்படி எழுதினார் மிமி. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் இதில் ஒரு வரிகூட நகராது. பியானோ வாசித்துப் பழகிய காது இங்கேதான் கைகொடுத்தது.

1963இல் புகழ்பெற்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியே இவர்களோடு ஓர் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். பட் பவல் பியானோ, கென்னி கிளார்க் டிரம்ஸ். தாங்கள் உருவாக்கிய இசையைப் பிரெஞ்சில் பாடுகிறவர்களோடு அந்த மேதைகள் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அங்கீகாரம் எனக்குத் தெரியவில்லை. (குழுவில் பாடிய வார்ட் ஸ்விங்கிள் பின்னர் தன் சொந்தக் குழுவோடு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பாடி உலகப் புகழ் பெற்றார். அந்தப் புகழில் ஒரு பங்காவது மிமிக்குச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.)

1960களின் நடுவில் காசநோய் அவரை வீழ்த்தியது. குழு கலைந்தது. அது இழப்புதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு அவர் உட்கார்ந்த மேசையைப் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' நாவலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். படிப்பறிவு குறைந்த கறுப்பினப் பெண்ணொருத்தியின் பேச்சு அது; இலக்கணத்தைத் திருத்தினால் அவள் செத்துப்போவாள். ஜான் லெ கார்ரேயின் உளவு நாவல்களைத் தன் மகளோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். டிஸ்ஸி கில்லெஸ்பியின் தன்வரலாற்றையும் மிமியே பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அந்த டிரம்பெட்டின் மூச்சுக்கு ஏற்கெனவே சொல் கொடுத்தவரைவிட அதற்குத் தகுதியானவர் யார்? இன்னொருவரின் குரலுக்கு முழுதாகக் காது கொடுத்து, தன் மொழியில் அதை எழுப்புவதுதான் அவர் தொழில். மேடையிலும் அதையே செய்தார், மேசையிலும் அதையே செய்தார்.

ஒன்று செய்யுங்கள். க்வின்சி ஜோன்ஸின் 'ஸ்டாக்ஹோம் ஸ்வீட்னின்' பதிவை முதலில் நன்றாகக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். தனி வாசிப்புகளை முணுமுணுக்கும் அளவுக்கு. பிறகு டபுள் சிக்ஸ் பாடியதைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்