திரும்பிப் போகும் நாளுக்காகக் கட்டிவைத்த பெட்டிகள்

அன்புத் தங்கைக்கு,

டோக்கியோவின் நிஷிகசாயில் குடியேறிப் பதினொரு மாதங்களுக்குள் இரண்டு அறை வீடு நடக்க இடமின்றி அடைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஊருக்குத் திரும்பிய குடும்பம் விட்டுச்சென்ற கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும், இங்கே வாங்கிய பொருட்களின் அட்டைப்பெட்டிகளும், குழந்தைக்குச் சிறிதாகிவிட்ட துணிகளும், மாமியார் கொடுத்தனுப்பிய பித்தளைச் சாமான்களும் சேர்ந்துவிட்டன. இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, விடுவதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது உங்கள் கேள்வி. நானும் இதே எதொகாவா வார்டில்தான் 2005 முதல் இருக்கிறேன், இதே அடைசலில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் இருக்கிறேன்.

நம் வீடுகள் நிறைவதற்கு நாம் அதிகம் வாங்குவது மட்டும் காரணமன்று. ‘இரண்டு வருடம்தானே, பிறகு ஊருக்குப் போய்விடுவோம்’ என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் எதைப் பற்றியும் முடிவெடுப்பதில்லை. போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் கட்டி வைக்கிறார்கள். நாங்கள் தொலைக்காட்சிக்கும் அரிசிக் குக்கருக்கும் வந்த அட்டைப்பெட்டிகளை, மூட்டை கட்ட உதவும் என்று, நம் ஊர்ப் பரணைப் போன்ற ‘ஓஷியிரே’ சுவரலமாரியின் பாதியில் எட்டு வருடம் அடைத்து வைத்திருந்தோம். குக்கர் பழுதாகி வேறொன்று வாங்கிய பிறகும் பழைய குக்கரின் பெட்டி அங்கேயே இருந்தது.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, இதை விமானச் சுமைக் கட்டணம் கொடுத்து ஊருக்குக் கொண்டுபோவேனா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். மின்சாதனங்களுக்குப் பதில் எளிது. ஜப்பானில் 100 வோல்ட், நம் ஊரில் 230 வோல்ட் என்பதால், இந்த நாட்டுக்கென்றே செய்யப்பட்ட குக்கரும் சலவை இயந்திரமும் அங்கே அப்படியே பயன்படா. அவற்றின் பெட்டிகளை வைத்திருப்பதிலும் பொருளில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கோ இங்கே மின்னழுத்தத்தை உயர்த்தும் கனத்த டிரான்ஸ்பார்மர் வேண்டும். வாரந்தோறும் அரைக்கிறீர்கள் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாகத் தொடவே இல்லை என்றால், ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, எங்கே போடுவது என்ற கேள்வி. பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்த நமக்கு, வேண்டாத பொருளை விடுவதற்கு நாமே பணம் கொடுக்க வேண்டும் என்பது முதலில் மனத்துக்கு ஒப்பாது. இங்கே ஒரு பக்கம் ஏறக்குறைய 30 செ.மீ.க்கு மேல் உள்ள வீட்டுப் பொருள் ‘சொதாய் கொமி’, அதாவது பெருங்குப்பை எனப்படும். வார்டின் பெருங்குப்பைப் பதிவு மையத்தில் தொலைபேசியிலோ இணையத்திலோ முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் தொகைக்கு 200 யென், 300 யென் ஒட்டுச்சீட்டுகளைக் கன்வீனியன்ஸ் கடையில் வாங்கிப் பொருளில் ஒட்டி, குறித்த நாளின் காலையில் வெளியே வைக்க வேண்டும். ஏ.சி., தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகிய நான்கையும் இந்த வழியில் எடுக்கமாட்டார்கள். 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மறுசுழற்சிக் கட்டணமும் வண்டிக் கூலியும் கொடுத்து அவற்றைக் கடை வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குச் சில ஆயிரம் யென் ஆகும். ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு இலவசமாக எடுப்பதாகச் சொல்லி வரும் வண்டிகளை நம்பிவிடாதீர்கள். பொருளை ஏற்றிய பிறகு பெருந்தொகை கேட்பவர்கள் அவர்களில் உண்டு. ஊர் திரும்புபவர்கள் நம்மிடம் அன்போடு தருவது பல நேரம் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் என்பதால், இனி ஒரு பொருளை வாங்கிக்கொள்ளுமுன் அதை வெளியேற்ற எவ்வளவு ஆகும் என்பதை விசாரித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

பெட்டிகள் சிலவற்றை பால்கனிக்கு மாற்றியதாக எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் இன்றே திரும்ப எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் நம்முடையதற்கும் நடுவே உள்ள மெல்லிய தடுப்பு, தீயிலோ நிலநடுக்கத்திலோ உடைத்துக்கொண்டு தப்பிப்பதற்காக வைக்கப்பட்டது. அதன் முன்னால் எதுவும் இருக்கக்கூடாது. 2011 மார்ச் 11 பிற்பகலில் வந்த பெரும் நிலநடுக்கத்தில், நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருந்த எங்கள் எவர்சில்வர் பாத்திரத் தாங்கி, என் மகன் வழக்கமாக உறங்கும் இடத்தின்மேல் சரிந்து விழுந்தது. அன்று அவன் மழலையர் பள்ளியில் இருந்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் படுக்கைக்கு அருகே இடுப்புக்கு மேல் எதுவும் அடுக்கப்படுவதில்லை, வாசலுக்குப் போகும் வழியில் ஒரு பையும் வைக்கப்படுவதில்லை.

இன்னொன்று, ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நீளும் ‘ட்சுயு’ மழைக்காலம். காற்றுப் புகாமல் அடைத்த ஓஷியிரேயில் பூஞ்சை பிடிக்கும். என் கூரைப் புடவைகளில் ஒன்று அப்படித்தான் கெட்டது. அட்டைப்பெட்டி ஈரத்தை இழுப்பதால் பட்டுப் புடவைகளை அதிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள், சுவருக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கையளவு இடைவெளி இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த 100 யென் கடையில் பிளாஸ்டிக் கூடைகளை முதலில் வாங்கிவிட வேண்டாம். வேண்டாதவை வெளியேறிய பிறகு மிஞ்சுவதை அளந்து பார்த்தால், பாதிக் கூடைகள் தேவைப்படா.

குழந்தையின் துணிகளைத் துவைத்து, அளவு எழுதி, அடுத்த சிறு குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுங்கள். ஒரே ஒரு சட்டையை நினைவுக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. மாமியார் கொடுத்த குத்துவிளக்கையும் உருளியையும் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அவை இருக்கட்டும். அட்டைப்பெட்டிகள் போன இடத்தில், தரையை ஒட்டிய தட்டில், வெள்ளிக்கிழமை கைக்கு எட்டும்படி அவற்றை வையுங்கள். கட்டிலைப் பெருங்குப்பையாக வெளியேற்ற மட்டும் நவம்பரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். நாம் போகிக்குச் செய்வதைப் போல இங்கே ‘ஓசோஜி’ என்று ஆண்டிறுதியில் வீட்டையெல்லாம் துப்புரவு செய்வார்கள், டிசம்பரில் நாள் கிடைப்பது கடினம்.