கடலடியில் கிடக்கும் டைட்டானிக் கப்பலின் பீங்கான் தட்டு உடையவில்லை, அந்தக் கப்பலைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கியது. ஏன்?

ஆழம் மட்டும் எதையும் நசுக்குவதில்லை. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான் வினை.

எங்கள் ஊர் நீரோடி, கேரள எல்லையை ஒட்டிய கடைசிக் கடற்கரைக் கிராமம். ஒருமுறை மாமாவின் தூண்டில் கயிற்றோடு, இறுக மூடிய காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று ஆழத்துக்கு இழுபட்டுப் போனது. திரும்பி வந்தபோது அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. கூடவே போன திறந்த பாட்டிலுக்கு ஒன்றுமில்லை. அதற்குள் கடல் புகுந்துவிட்டது. வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தமோ உள்ளிருந்தும் அவ்வளவே.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டரில். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறக்குறைய 390 கிலோ எடை அழுத்துகிறது. ஆனால் பீங்கான் தட்டுக்குள் காற்று அடைபட்ட இடமே இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தினால் அது எங்கே வளையும்? தண்ணீரேகூட அந்த ஆழத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் சுருங்குகிறது. காற்றோ அப்படியே சுருண்டுவிடும்.

கப்பலின் முன்பகுதி மூழ்குமுன்பே நீர் நிரம்பியதால் உருவம் கலையாமல் இருக்கிறது. பின்பகுதியின் அலங்கோலத்துக்கு, காற்று சிக்கிய அறைகள் இறங்கும் வழியில் நசுங்கியதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

2023 ஜூனில் நொறுங்கிய டைட்டனுக்குள் இருந்தது மனிதர்கள் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. அத்தனை அழுத்தத்தையும் கார்பன் இழைக் கூடு தனியாகவே தாங்க வேண்டியிருந்தது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.