திங்கள்கிழமை வேண்டாம், வேற நாள் பாருங்க

அண்ணாச்சி, திருநெல்வேலியில இருந்து அம்மா, ரெண்டு பிள்ளைகளோட திங்கள்கிழமை கார்ல வந்து பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரி கோட்டை, வட்டக்கோட்டை மூணையும் ஒரே நாள்ல பார்க்கலாமான்னு கேட்டிருந்தீங்க. பார்க்கலாம், ஆனா திங்கள்கிழமை மட்டும் வேண்டாம். அன்னைக்கு அரண்மனைக்கு விடுமுறை. இடம் தமிழ்நாட்டுல, நம்ம தக்கலை பக்கம்னாலும் நிர்வாகம் கேரள தொல்லியல் துறை.

காலையில நேரா அரண்மனைக்கே போயிடுங்க. மதியம் கொஞ்ச நேரம் பூட்டுவாங்க, அதுக்குள்ள முடிச்சிடணும். அம்மாவுக்கு முட்டுவலின்னு சொன்னீங்களே, அதுதான் யோசிக்க வேண்டியது. மரப்படிகள் ஒடுக்கம், ரொம்பச் செங்குத்து. மந்திரசாலைக்கு, அதாவது ராஜா ஆலோசனை நடத்தின மாடிக் கூடத்துக்கு, அப்படித்தான் ஏறணும். அம்மா கீழே பூமுகத்தோட (முன்வாசல் மண்டபம்) மர வேலைப்பாட்டை நிதானமா பார்க்கட்டும். செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடக்கணும். கண்ணாடி மாதிரி மின்னுற கருப்புத் தரையில காலை வச்சுப் பாருங்க, சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்டதுன்னு சொல்லுவாங்க. 1795 வரைக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தலைநகர் பத்மநாபபுரம்தான்.

உதயகிரி பக்கத்துலேயே, புலியூர்க்குறிச்சியில. 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் கல்லறை அங்கதான் இருக்கு. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க, இல்லேன்னா வெறும் மதில்தான் தெரியும்.

கன்னியாகுமரி பக்கம் கடலோரத்துல இருக்கிற வட்டக்கோட்டைக்கு நாலு மணி வாக்குல போங்க. மேல ஏறச் சரிவுப் பாதை உண்டு, அம்மா மெதுவா நடந்திடலாம். திரும்பும்போது அஞ்சுகிராமம், காவல்கிணறு வழியா போனா நாகர்கோவில் நெரிசல் கிடையாது.